வகுப்பே சேர்ந்து ஆசிரியருக்குக் கொடுக்கும் பரிசு: முதல் தடவை பொறுப்பெடுப்பவர்களுக்கு

ஆசிரியர் தினம் வரும், இல்லையென்றால் வகுப்பாசிரியருக்கு மாறுதல் ஆர்டர் வரும், பணி ஓய்வு வரும். பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் யாராவது ஒருவர் “மிஸ்ஸுக்கு எல்லாரும் சேர்ந்து ஏதாவது கொடுக்கலாமே” என்று ஆரம்பிப்பார். நாலைந்து பேர் “சூப்பர்” என்பார்கள். யார் செய்வது என்ற கேள்விக்கு உங்கள் பெயர் வரும். இதுவரை இப்படி ஒன்றைச் செய்யாதவர் என்றால் இந்த வழிகாட்டி உங்களுக்குத்தான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வகுப்பில் இருக்கும் ஒவ்வொரு பிள்ளையின் கையும் பட்டிருந்தால்தான் அது வகுப்பின் பரிசு. பத்துப் பெற்றோர் காசு போட்டு ஒரு வெள்ளிக் குத்துவிளக்கு வாங்கிக் கொடுத்தால் அது பத்துப் பெற்றோரின் பரிசு. அதில் தவறில்லை, ஆனால் அட்டையில் “5-ஆம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவர்கள்” என்று போடக்கூடாது. கீழே சொல்லும் எல்லா யோசனையும் இந்த ஒரு நிபந்தனையிலிருந்து வருபவை.

முதலில் பள்ளியிடம் கேளுங்கள்

கடைக்குப் போவதற்கு முன் தலைமையாசிரியரிடமோ ஒருங்கிணைப்பாளரிடமோ ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். அரசுப் பள்ளி ஆசிரியர்கள் 1973-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகளுக்கு உட்பட்டவர்கள்; பரிசு பெறுவதற்கு அதில் கட்டுப்பாடு இருக்கிறது. தனியார் பள்ளிகள் பலவற்றில் “ஆசிரியர்களுக்குப் பரிசு தர வேண்டாம்” என்று சுற்றறிக்கையே அனுப்பிவிடுகிறார்கள். இதைத் தெரியாமல் விலை கூடிய பொருளோடு போய் நின்றால் வாங்கவும் முடியாமல் மறுக்கவும் முடியாமல் சங்கடப்படுவது அந்த ஆசிரியர்தான். பிள்ளைகள் எழுதியது, வரைந்தது என்றால் பெரும்பாலும் யாரும் ஆட்சேபம் சொல்வதில்லை. அதையும் கேட்டுவிட்டே செய்யுங்கள்.

பரீட்சைக்கு முந்தைய வாரத்தில் கொடுக்காதீர்கள். காலாண்டுத் தேர்வு செப்டம்பரில்தான் வரும்; ஆசிரியர் தினமும் அதே மாதம். விடைத்தாள் திருத்தப்போகிறவரின் கையில் பெரிய பரிசைக் கொடுப்பது அவருக்கும் நல்லதல்ல, பிள்ளைகளுக்கும் நல்லதல்ல.

அதனால் நான் சொல்வது இது. திருத்தணியில் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணனின் பிறந்த நாளான செப்டம்பர் 5-ஆம் தேதி, 1962-ஆம் ஆண்டிலிருந்து நம் நாட்டில் ஆசிரியர் தினமாக இருக்கிறது. அன்று எல்லா வகுப்பும் எல்லா ஆசிரியருக்கும் ஏதாவது கொடுக்கும். ஸ்டாஃப் ரூம் மேஜையில் பூவும் பேனாவும் வாழ்த்து அட்டையும் குவிந்து கிடக்கும். அன்றைக்கு ஒரு அட்டை போதும். மெனக்கெட்டுச் செய்யும் பரிசைக் கல்வியாண்டின் கடைசி நாளுக்கோ, மாறுதலுக்கோ, பணி ஓய்வுக்கோ வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் அந்தந்த நாட்டு நாளைப் பாருங்கள்: இலங்கையில் அக்டோபர் 6, மலேசியாவில் மே 16, சிங்கப்பூரில் செப்டம்பர் முதல் வெள்ளி.

புது குரூப், இரண்டு பேர், நாலு வாரம்

வகுப்பு குரூப்பில் ஆசிரியரும் இருப்பார். அதனால் அவர் இல்லாத ஒரு தனி குரூப் தொடங்குங்கள். வாட்ஸ்அப் இல்லாத வீடுகளை அப்போதே குறித்து வையுங்கள். அந்தப் பிள்ளைகளின் அம்மாவையோ தாத்தாவையோ பள்ளி வாசலில் பார்த்துச் சொல்ல ஒருவரை நியமியுங்கள். கடைசியில் விடுபடுவது எப்போதும் இந்த வீடுகள்தான்.

பொறுப்பில் இரண்டு பேர் இருந்தால் நல்லது. ஒருவர் பணம், ஒருவர் பிள்ளைகளிடமிருந்து வர வேண்டியவை (பெரும்பாலும் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதி அல்லது வரைந்து தருவது; விவரம் கீழே “வகுப்புப் புத்தகம்” பகுதியில்). ஒரே ஆள் இரண்டையும் பார்த்தால், “காசு தந்தாச்சா?” என்று கேட்கும் அதே வாய் “பக்கம் எழுதியாச்சா?” என்றும் கேட்கும். காசு கொடுக்க முடியாத அம்மா, பக்கத்தையும் கொடுக்காமல் ஒதுங்கிவிடுவார்.

நாலு வாரம் ஒதுக்குங்கள். முதல் வாரம் அனுமதி, பெயர்ப்பட்டியல், தாள் வாங்குவது. இரண்டாவது வாரம் பிள்ளைகள் எழுத. மூன்றாவது வாரம் முழுக்க வராத பக்கங்களைத் தேடிப் போக. இந்த வாரத்தைக் குறைக்கவே முடியாது. நாலாவது வாரம் பைண்டிங், பிரிண்டிங்.

காசு விஷயம்

குறைந்தபட்சத் தொகை சொல்லாதீர்கள், அதிகபட்சம் சொல்லுங்கள். “ஆளுக்கு 50 ரூபாய்க்கு மேல் வேண்டாம், குறைவாகவும் தரலாம், தராமலும் இருக்கலாம், பிள்ளையின் பக்கம் மட்டும் கட்டாயம்” என்று முதல் செய்தியிலேயே போட்டுவிடுங்கள். நாற்பது பேர் வகுப்பில் முப்பது பேர் தருவார்கள் என்று வைத்துக் கணக்குப் போட்டால் 1500 ரூபாய். அதற்குள் முடிகிற மாதிரியே திட்டமிடுங்கள். வசூலான பிறகு பொருளைத் தேர்ந்தெடுங்கள். பொருளைத் தேர்ந்தெடுத்துவிட்டு வசூலுக்குப் போனால் நெருக்கடி வரும்.

ஜிபே, போன்பே எதுவானாலும் ஒரே எண்ணுக்கு வரட்டும். யார் தந்தார்கள் என்ற பட்டியலை குரூப்பில் போட வேண்டாம். தந்தவர்கள் பட்டியல் என்பது தராதவர்கள் பட்டியலும்தான். பிள்ளைகளின் கையில் காசு கொடுத்தனுப்பச் சொல்லாதீர்கள், வகுப்பில் யார் கொண்டுவந்தார்கள் யார் கொண்டுவரவில்லை என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். முடிந்ததும் மொத்த வரவு, பில்களின் போட்டோ, மிச்சம் என்று மூன்று வரியில் கணக்கை ஒப்படைத்துவிடுங்கள்.

எதைக் கொடுக்கலாம்

போட்டோ போட்ட கப், “வேர்ல்ட்ஸ் பெஸ்ட் டீச்சர்” கீசெயின், கண்ணாடி ஷீல்டு ஆகியவற்றை நான் பரிந்துரைப்பதில்லை. பத்து வருடம் வேலை பார்த்த ஆசிரியர் வீட்டு ஷோகேஸில் இவை ஏற்கெனவே வரிசையாக நிற்கும். மாணவர் முகம் அச்சிட்ட பொருளைப் பயன்படுத்தவும் மனம் வராது, தூக்கிப் போடவும் மனம் வராது. சேலை எடுத்துக் கொடுப்பது நம் ஊர் வழக்கம், அழகான வழக்கம்தான். ஆனால் அதில் பிள்ளைகளுக்கு இடமில்லை. பணி ஓய்வு என்றால் சேலையோ வேட்டி, பொன்னாடையோ தனியாக இருக்கட்டும், கூடவே வகுப்பின் பரிசும் இருக்கட்டும்.

எல்கேஜி, யுகேஜி, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கை அச்சுத் துணி நன்றாக வரும். மேஜை விரிப்பு அளவில் வெள்ளை அல்லது சந்தன நிறப் பருத்தித் துணி வாங்கி, கஞ்சி போகும்வரை அலசிக் காயவைத்து, துணிக்கென்று விற்கும் ஃபேப்ரிக் பெயிண்டில் உள்ளங்கையை ஸ்பாஞ்சால் ஒற்றி அச்செடுங்கள். கையைப் பெயிண்டில் முக்கினால் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கறையாகிவிடும். வாட்டர் கலர் முதல் துவையலிலேயே போய்விடும். ஒரு நாள் முழுக்கக் காய்ந்தபின் துணியைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கமாக இஸ்திரி போட்டால் நிறம் நிற்கும். ஒவ்வொரு கைக்கும் கீழே பெயர்.

நம் ஊரில் ஓய்வு பெறும் ஆசிரியருக்கு வாழ்த்து மடல் வாசித்து, கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுப்பது நெடுநாள் வழக்கம். எட்டாம் வகுப்புக்கு மேல் உள்ள பிள்ளைகள் என்றால் அந்த மடலையே அவர்களை எழுதச் சொல்லலாம். வழக்கமாகத் தமிழாசிரியர் ஒருவர் “அறிவுச்சுடரே, அன்பின் இமயமே” என்று எழுதித் தருவார். அதற்குப் பதிலாக ஆளுக்கு ஒரு வரி, எல்லா வரியும் அந்த ஆசிரியர் உண்மையில் செய்த ஏதோ ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். மேடையில் வாசிக்கும்போது கூட்டம் அசையாமல் கேட்கும்.

வகுப்புப் புத்தகம்

எந்த வகுப்புக்கும், எந்தப் பட்ஜெட்டுக்கும் பொருந்துவதும் நான் முதலில் சொல்வதும் இதுதான். ஆளுக்கு ஒரு ஏ4 தாள். அதைப் பிள்ளை தன் கையால் நிரப்ப வேண்டும். எல்லாத் தாளையும் சேர்த்துக் கெட்டி அட்டை பைண்டிங். அச்சடித்த போட்டோ புத்தகத்தைவிட இது மலிவு. பிள்ளையின் கையெழுத்தும் அப்படியே இருக்கும்.

தாள்: சாதாரண ஜெராக்ஸ் தாள் 70, 75 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு), ஸ்கெட்ச் பேனா மை பின்பக்கம் ஊறிவிடும். 100 ஜிஎஸ்எம் கேட்டு வாங்குங்கள். வீட்டுக்கு இரண்டு தாள் கொடுத்தனுப்புங்கள், ஒன்று கெட்டுப்போனால் இன்னொன்று. ஒரு பக்கம் மட்டும் எழுதட்டும்.

தாளைக் கொடுப்பதற்கு முன் இடது ஓரத்தை இரண்டு விரல் அகலத்துக்கு மடித்து விரித்துவிடுங்கள். “மடிப்புக்கு இந்தப் பக்கம் எதுவும் எழுதக் கூடாது” என்று சொல்லிக் கொடுத்தால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். பைண்டிங் போடும்போது அந்த ஓரம் முழுக்க உள்ளே போய்விடும், மற்ற மூன்று பக்கமும் ஓரம் வெட்டுவார்கள். இந்த மடிப்பு இல்லாமல் போனால் பெயரின் முதல் எழுத்து, வரைந்த வீட்டின் பாதிக் கூரை எல்லாம் தையலுக்குள் மாட்டிக்கொள்ளும். மற்ற ஓரங்களிலும் ஒரு விரல் இடம் விடச் சொல்லுங்கள்.

இனி முக்கியமான விஷயம், என்ன எழுதச் சொல்வது. “மிஸ்ஸைப் பத்தி எழுதிட்டு வா” என்று சொன்னால் நாற்பது தாளிலும் “எங்கள் ஆசிரியர் மிகவும் அன்பானவர். அவர் எங்களுக்கு நன்றாகப் பாடம் நடத்துவார்” என்று வரும். பாதி அம்மா சொல்லச் சொல்ல எழுதியதாக இருக்கும். கேள்வியைக் குறுக்கினால்தான் பிள்ளை பேசும். இப்படிக் கேளுங்கள்:

மிஸ் அடிக்கடி சொல்லும் வார்த்தை எது?
மிஸ் சொல்லிக் கொடுத்த பிறகு உனக்குப் புரிந்தது எது?
மிஸ் உனக்காக மட்டும் செய்த ஒரு காரியம் என்ன?
வகுப்பே சிரித்த ஒரு நாளைப் பற்றிச் சொல்.
நீ பெரியவனான பிறகு மிஸ்ஸை பஸ்ஸில் பார்த்தால் என்ன சொல்வாய்?

பிள்ளை இதில் ஒன்றை எடுத்துக்கொண்டால் போதும். “என் டிஃபன் பாக்ஸ் திறக்கலன்னா மிஸ் ஸ்கேல் வச்சு நெம்பித் தருவாங்க” என்று ஒரு தாள் வரும். “வகுத்தல்ல மீதிய ஏன் கீழ எழுதுறோம்னு எனக்கு டிசம்பர்லதான் புரிஞ்சுது, அன்னிக்கு மிஸ் கைதட்டினாங்க” என்று இன்னொன்று வரும். இப்படி ஒரு வரிக்காகத்தான் இத்தனை பாடும்.

எழுத்துப் பிழையைத் திருத்தாதீர்கள். இதைப் பெற்றோருக்குத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும். “பல்லி”க்குப் பதில் “பள்ளி”, “பள்ளி”க்குப் பதில் “பல்லி” என்று இருந்தாலும் அப்படியே இருக்கட்டும். தமிழ் மிஸ்ஸுக்குக் கொடுப்பதானாலும் திருத்த வேண்டாம். யார் எழுதியது என்று பெயரைப் பார்க்காமலே அவருக்குத் தெரிந்துவிடும். எழுதத் தெரியாத பிள்ளை வரையட்டும், அது சொன்னதை அம்மா ஓரத்தில் சின்னதாக எழுதட்டும்.

பேனா கறுப்பு அல்லது நீல பால்பாயின்ட். ஜெல் பேனா கை பட்டால் இழுபடும். ஜிகினா, பஞ்சு, பொத்தான் ஒட்டிய தாள்கள் அடுக்கும்போது மேடுதட்டி, புத்தகம் மூடாமல் வாய் பிளந்து நிற்கும். அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

தாள்கள் வந்ததும் ஒவ்வொன்றையும் போனில் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். ஜன்னலோரப் பகல் வெளிச்சம், நேர் மேலிருந்து எடுத்தால் போதும். பைண்டிங் கடையில் தாள் தொலைந்தால் காப்பாற்ற இதுதான் உண்டு.

அடுக்கும் வரிசைக்கு என் தேர்வு வருகைப் பதிவேட்டு வரிசை. நன்றாக எழுதியதை முன்னால் வைக்கலாம் என்று ஒரு குரல் எழும், கேட்காதீர்கள். அந்த ஆசிரியர் வருடம் முழுக்கக் காலையில் கூப்பிட்ட பெயர் வரிசை அது. பக்கம் புரட்டும்போது அடுத்து யார் என்று அவர் வாய் தானாகச் சொல்லும். இன்னொரு பயன், யாருடைய தாள் வரவில்லை என்பது பதிவேட்டோடு ஒப்பிட்டால் உடனே தெரிந்துவிடும். வருட நடுவில் டிசி வாங்கிப் போன பிள்ளை இருந்தால் அவர்களையும் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மறுநாளே தாள் வந்துவிடும்.

பைண்டிங்குக்கு ஸ்டேஷனரிக் கடையைவிட, பொறியியல் அல்லது கலைக் கல்லூரிகளுக்குப் பக்கத்தில் பிராஜெக்ட் ரிப்போர்ட் பைண்டிங் செய்யும் கடைகளுக்குப் போங்கள். ரெக்ஸின் ஒட்டிய கெட்டி அட்டை, மேலே தங்க எழுத்து எல்லாம் அவர்களுக்கு அன்றாட வேலை. மார்ச் முதல் மே வரை கல்லூரி மாணவர்களின் பிராஜெக்ட் கூட்டம் அலைமோதும், உங்கள் பரிசும் பெரும்பாலும் அதே மாதங்களில்தான் வரும். அதனால் ஒரு வாரம் முன்னதாகவே கொடுத்துவிடுங்கள். தங்க எழுத்து அச்சு பல கடைகளில் ஆங்கிலத்தில் மட்டும் இருக்கும். தமிழில் வேண்டுமென்றால் தலைப்பைத் தனித் தாளில் அச்சடித்து அட்டையில் ஒட்டி லேமினேட் செய்யச் சொல்லலாம். வகுப்பில் கையெழுத்து அழகாக உள்ள பிள்ளை எழுதியதை ஒட்டினால் இன்னும் நன்று. ஸ்பைரல் வேண்டாம், சில வருடத்தில் ஓரத் துளைகள் கிழிந்து தாள் தாளாகக் கழன்றுவிடும்.

கடைசியில் இரண்டு வெற்றுத்தாள் சேர்த்து பைண்ட் செய்யச் சொல்லுங்கள். காரணம் பிறகு சொல்கிறேன்.

அச்சடித்த பெயர்கள்

புத்தகத்தில் பிள்ளையே பெயர் எழுதிவிடும். ஆனால் மரப்பலகையிலோ, சட்டத்திலோ, குரூப் போட்டோவின் கீழோ பெயர்களை அச்சடிப்பதாக இருந்தால் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும்.

ஒன்று, எழுத்துச் சிதைவு. போனில் தட்டி (யூனிகோடில்) நீங்கள் அனுப்பும் தமிழை, கடைக் கம்ப்யூட்டரில் டிசைன் செய்யும் பழைய கோரல்டிராவோ போட்டோஷாப்போ சரியாகக் காட்டாது. “கோகிலா” என்பது “ேகாகிலா” என்று கொம்பு முன்னால் பிரிந்து நிற்கும். வேலை செய்யும் தம்பிக்கு அவசரத்தில் அது கண்ணில் படாது. ெ, ே, ொ, ோ, ஸ்ரீ, க்ஷ வரும் பெயர்களை முதலில் பாருங்கள். அச்சுக்குப் போவதற்கு முன் மாதிரியை உங்கள் போனுக்கு அனுப்பச் சொல்லுங்கள். பெயர்ப்பட்டியலைப் பிடிஎஃப் ஆகவும் கொடுத்துவிட்டால் ஒப்பிட்டுப் பார்க்க அவர்களுக்கும் வசதி.

இரண்டாவது, வீட்டில் எழுதும் விதம். தர்ஷினியா தர்ஷணியா, இனியன் ர. என்பதா ர. இனியன் என்பதா, அப்பா இனிஷியலா அம்மா இனிஷியலா என்பதெல்லாம் அந்தந்த வீட்டுக்குத்தான் தெரியும். பட்டியலை குரூப்பில் போட்டு, ஒவ்வொருவரும் தன் பிள்ளை பெயருக்கு மட்டும் “சரி” போடச் சொல்லுங்கள். “சரி” வராத பெயரை நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள்.

போட்டோவும் குரலும்

குரூப் போட்டோ வைப்பதானால் “நிற்பவர்கள், இடமிருந்து வலம்” என்று பெயர்களையும் வருடத்தையும் கட்டாயம் சேருங்கள். இருபது வருடம் கழித்து எடுத்துப் பார்க்கும்போது ஆசிரியருக்கு வேண்டியது அதுதான். எடுத்த போனிலிருந்து கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி, பெரிதாக அச்சடிக்கும்போது முகங்கள் மங்கும். 12 மெகாபிக்சல் படம் என்றால் 4000×3000 புள்ளிகள், அங்குலத்துக்கு 300 என்ற கணக்கில் 13×10 அங்குலம் வரை தெளிவாக வரும். தன் பிள்ளையின் படம் வேண்டாம் என்று யாராவது சொன்னால் காரணம் கேட்காமல் ஒப்புக்கொள்ளுங்கள். அந்தப் பிள்ளையின் கையெழுத்து போதும்.

பிள்ளைகளின் குரலைப் பதிந்து க்யூஆர் கோடாகப் புத்தகத்தில் ஒட்டுவது இப்போது பரவலாக இருக்கிறது. செய்யலாம். ஆனால் அந்த ஆடியோ யாரோ ஒருவரின் கூகுள் டிரைவில் கிடக்கிறது என்பதை மறக்காதீர்கள். இரண்டு வருடம் பயன்படுத்தாத கணக்கை கூகுள் நீக்கிவிடலாம். இதற்கென்றே தொடங்கிய புதுக் கணக்கு என்றால் அந்த ஆபத்து நிச்சயம். ஒரு பென் டிரைவிலும் போட்டு அட்டையின் உள்பக்கம் சின்ன உறையில் வையுங்கள். லிங்க்கை வேறொருவர் போனில் திறந்து பார்த்தபின் ஒட்டுங்கள்.

கொடுக்கும் நாள்

பிள்ளைகள் கொடுக்க வேண்டும், பெற்றோர் அல்ல. வகுப்பறையிலேயே கொடுப்பது மேடையைவிட நல்லது. யார் கையில் கொடுப்பது என்பதற்குச் சண்டை வரும்; முதல் ரேங்க் பிள்ளை, பெற்றோர் சங்கத் தலைவர் பிள்ளை என்றெல்லாம் போகாமல், பதிவேட்டில் முதல் பெயரும் கடைசிப் பெயரும் சேர்ந்து கொடுக்கட்டும். அங்கேயே பிரித்துப் படிக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். நாற்பது பிள்ளைகளுக்கு நடுவில் தன் பக்கம் வரும்வரை காத்திருக்கும் பிள்ளைகளும் தவிப்பார்கள், ஆசிரியரும் அழுதுவிட்டால் என்ன செய்வதென்று தவிப்பார். பக்கங்களை ஃபேஸ்புக்கில் போட வேண்டாம். அவை அவருக்கு எழுதப்பட்டவை.

ஆசிரியர் பஸ்ஸில் போகிறவராக இருந்தால் அன்று அவர் கையில் ஏற்கெனவே நோட்டுக் கட்டும் பூங்கொத்தும் இருக்கும். புத்தகத்தை நல்ல கட்டைப்பையில் போட்டுக் கொடுங்கள்.

அந்த இரண்டு வெற்றுத்தாள்கள் இதற்குத்தான்: அம்மை போட்டு வராத பிள்ளை, ஊருக்குப் போன பிள்ளை, அன்றுவரை “எனக்கு எதுவும் தோணல” என்று சொல்லிக்கொண்டிருந்த பிள்ளை. புத்தகம் கைக்குப் போன பிறகும் இவர்களில் யாராவது ஒருவர் ஸ்டாஃப் ரூம் வாசலில் பேனாவோடு போய் நிற்பார். “கடைசிப் பக்கம் காலியா இருக்கு, இவன் எழுதணுமாம் மிஸ்” என்று நீங்கள் முன்கூட்டியே ஆசிரியரிடம் சொல்லி வைத்துவிடுங்கள்.